அக்காவின் கை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மன்னாரில் இருந்தபோது, எங்கள் ஊரான குருநகரில் அம்மா காலமானார். போரால் பாதை மூடியிருந்தது. அக்கா எனக்காகக் காத்திராமல் அடக்கத்தை முடித்துவிட்டாள். ஊர் திரும்பிய நான் இரண்டு வருடம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மாதா கோயில் ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் எல்லோருக்கும் கைகூப்புவேன். பின்வரிசையில் இருக்கும் அக்கா பக்கம் மட்டும் திரும்பமாட்டேன். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் போய் நற்கருணை வாங்குவேன். கல்நெஞ்சைப் பற்றிப் பங்குச் சுவாமி பிரசங்கம் வைத்தால், அது அவளுக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு, பூசை நடுவில் குண்டு போடும் பொம்மர் விமானம் கூரைக்கு மேல் இரைந்தது. "குப்புறப் படுங்கோ!" என்று யாரோ கத்த, எல்லோரும் நிலத்தில் விழுந்தோம். பின்னாலிருந்து ஒருத்தி என்மேல் கவிழ்ந்து, என் தலையைக் கையால் அழுத்திப் பொத்தினாள். கழுத்தில் பட்ட மூச்சிலேயே தெரிந்துவிட்டது, அக்கா.

இரைச்சல் அடங்கியது. என் வீம்பு அடங்கவில்லை.

"உன்ரை கை கனக்குது. எடு" என்றேன்.

அவள் எடுக்கவில்லை. "மாதாவே, என்னோடை கதைச்சிட்டாளே!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் வெடுக்கென்று எறிந்த சொல்லையே அவள் சமாதானமாக வாங்கிக்கொண்டாள். அக்கா இப்போது இல்லை. பூசையில் சமாதானம் சொல்லும்போதெல்லாம் என் உச்சந்தலை கனக்கிறது.