நான் இழுத்து நேராக்கின கோடு

என் மருமவ ஆக்சிலியாவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுங்க. பன்னெண்டு வயசுல வந்த காய்ச்சல்ல போயிடுச்சு. பார்வையில்லாத புள்ளைங்க ஸ்கூல்ல பன்னெண்டாவது முடிச்சுது. மேல படிச்சா சயின்ஸ் தான்னு ஒரே பிடிவாதம். ரெண்டு காலேஜுல, லேப்புல நெருப்பு இருக்குது, ஆசிட் இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கடைசியில ஆன்லைன்ல பிஸிக்ஸ் நடத்துற ஒரு யுனிவர்சிட்டியில சேர்ந்துச்சு. என் பையன் மரிய ஆனந்தக் கட்டிக்கிட்டு வந்த பொறவும் படிப்ப விடல.

எங்க வூடு கம்பைநல்லூர் பக்கம். பையனுக்கு ஓசூர் கம்பெனியில வேல, ஞாயித்துக்கிழமை தான் வருவான். பேத்தி பொறந்து அம்பது நாளு ஆவுது. அது கொட்டாவி விட்டாக்கூட நான் எம் பொண்டாட்டி மிக்கேலம்மாள கூப்புட்டுக் காட்டுவேன். "ஊர்ல வேற எந்தப் புள்ளயும் கொட்டாவியே வுட்டதில்ல பாருங்க"ம்பா. மருமவ பாடம் கேக்கற நேரமெல்லாம் பாப்பா என் மடியில தான். அதுல மட்டும் எனக்கு அலுப்பே இல்ல. மத்ததெல்லாம் அலுப்பு தான்.

மருமவளுக்கு போனு தான் பாடம் படிச்சுக் காட்டும். நமக்கு ஒண்ணும் புரியாத வேகம். படம் வந்தா மட்டும் 'இமேஜ்'னு ஒரு வார்த்த சொல்லிட்டு தாண்டிப் போயிடும். சயின்ஸ்ல பாதி படம் தானாம். படத்துல என்ன இருக்குதுன்னு வார்த்தையில சொல்லுங்கன்னு கோர்ஸ்காரங்களுக்கு மூணு தடவ எழுதிப் போட்டுச்சு. உங்க கோரிக்கை கெடச்சுதுன்னு மூணு தடவையும் பதில் வந்துச்சு. அவ்வளவு தான்.

போன மாசம் கடைசி டெஸ்ட். அதுல பாஸானா தான் பரீட்சைக்கு விடுவாங்க. கேள்வி மொத்தமும் ஒரே படத்த வெச்சு தான். மெழுக சூடு பண்ண பண்ண, எத்தன நிமிஷத்துல எவ்வளவு சூடு ஏறுதுன்னு ஒரு கோடு.

"மாமா, அந்தக் கோட்ட அட்டையில சணல்ல ஒட்டிக் குடுங்க. நான் தடவிப் பாத்துக்கறேன்"னுச்சு.

நான் அஞ்சாவது தாண்டாதவன். இங்கிலீஷ் தெரியாது, கோடு தெரியும். மைதாப் பசை காச்சி, நம்பர் இருந்த எடத்துலெல்லாம் ஒரு கொள்ளு வெச்சு, சணல ஒட்டிக் குடுத்தேன். மோட்டாருக்கு கரண்ட் வந்துடுச்சுன்னு கொல்லைக்குப் போயிட்டேன்.

மறுநாளு போனு சொல்லுச்சு. பத்துக்கு ரெண்டு மார்க்கு.

ஆக்சிலியா அட்டைய மடியில வெச்சு திரும்பத் திரும்ப தடவுது. "மாமா, படத்துல நடுவுல எங்கயாச்சும் கோடு மேல ஏறாம படுத்துக் கெடந்துச்சா?"

"ஆமாம்மா. ஒரு அஞ்சாறு கொள்ளு தூரம் தொய்ஞ்சாப்புல இருந்துச்சு. நான் தான் இழுத்து நேராக்குனேன்."

மரவள்ளி நடறப்ப வரிசைக்குக் கயிறு புடிப்போம். தொய்ஞ்சுதுன்னா இழுத்துக் கட்டாம வுட மாட்டோம். நாப்பது வருசமா இந்தக் கையி செஞ்ச வேல அது.

அது அட்டைய கீழ வெச்சுச்சு. பொறவு மெதுவா, "அந்த எடத்துல தான் மாமா மெழுகு உருகுது. குடுக்கற சூடெல்லாம் உருகறதுக்கே போயிடும், மேல ஏறாது. அதத் தான் கேட்டிருந்தாங்க. எனக்கும் சந்தேகம் தான். நீங்களும் இல்ல, அத்தையும் இல்ல, அஞ்சு மணிக்கு டெஸ்ட்ட மூடிடுவாங்க. இந்தப் படத்துல மெழுகு உருகலன்னு எழுதிட்டேன்."

மிக்கேலம்மா சும்மா இருப்பாளா? "படம் போட்டவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு? கோணலா இருந்தா கோணலா ஒட்டுறது!"

நடந்தத ஆக்சிலியா கோர்ஸ்காரங்களுக்கு அப்படியே எழுதிப் போட்டுச்சு. இந்த தடவ சுருக்கா பதில் வந்துச்சு. ஒருத்தருக்கு ஒரே வாய்ப்பு தானாம், பரீட்சைக்கு விட முடியாதாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் அதே பாடத்தப் படிக்கணுமாம்.

அது பாப்பாவுக்குப் பால் குடுத்து முடிச்சுட்டு, "அதுக்குள்ள எல்லாப் படத்தையும் ஒட்டிடலாம் மாமா. நாப்பத்தேழு இருக்குது"ன்னுச்சு.

நேத்தோட நாலு முடிஞ்சுது. முதுகு ஒடியுது, வெரலெல்லாம் பசை. நாலாவது அட்டைய தடவிக்கிட்டே ஒரு எடத்துல நிறுத்துச்சு.

"மாமா, இது படத்துல இருக்கற மேடா, வெறும் பசையா?"

"பசை தான்மா."

"படத்த இன்னொரு தடவ பாத்துட்டு சொல்லுங்க."

பாப்பாவ தோள்ல மாத்திக்கிட்டு, போன எடுத்து இன்னொரு தடவ பாத்தேன்.