ரெக்கார்டு அக்காவின் நலம் விசாரிப்பு

“அது இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்? கடைசியா எப்போ தொறந்து பாத்தே?”

என் மதிப்பெண் சான்றிதழின் படம் கைபேசியில் பத்திரமாக இருக்கிறது என்று பெருமையடித்துக்கொண்டபோது ரெக்கார்டு அக்கா கேட்ட கேள்வி இது. பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. திரையில் ஒரு பழைய கோப்பைத் திறந்தார், தலை முதல் கால் வரை பார்த்தார், மூடினார், அடுத்ததற்குப் போய்விட்டார்.

செயற்கைக் கால் செய்து தரும் மையம் ஒன்றில் ஆவணப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. அவருடைய கண்ணாடி அறைக்கு எதிரேதான் நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகள். அண்ணனுக்குத் துணையாகப் போய் அங்கே உட்கார்ந்திருப்பேன். பள்ளி முடிந்து, அடுத்து என்ன என்று புரியாமல் இருந்த எனக்கு அந்த அறையை வேடிக்கை பார்ப்பது பிடித்துப்போனது.

வெள்ளிக்கிழமை வந்தால் அக்கா கைக்கு வந்த பழைய கோப்புகளைத் திறந்து பார்ப்பார். யாரும் கேட்காத கோப்புகள். ஏன் என்று கேட்டால், “நலம் விசாரிக்கிறேன். கண்டுக்காம விட்டா ஃபைலும் கோவிச்சுக்கும்” என்பார். கோப்புக்கு யாராவது ‘ஃபைனல்’ என்று பெயர் வைத்துவிட்டால் அன்று அவர்களுக்கு அர்ச்சனைதான். “ஃபைனல், புது ஃபைனல், நிஜமான ஃபைனல்! இதுல எதைப்பா நான் நம்பறது?”

எதையும் தூக்கிப் போட மனசு வராதவர் என்றுதான் நினைத்திருந்தேன். நேர்மாறு. வைத்திருக்க வேண்டிய கெடு முடிந்ததை ஈவு இரக்கமில்லாமல் அழிப்பார். “எல்லாத்தையும் வெச்சுக்கிறது காப்பாத்துறது இல்ல, குப்பை சேக்குறது.” மாலையில் அவரை அழைத்துப்போக வரும் கணவர் எங்களிடம் மெல்லச் சொல்வார்: “வீட்லயும் இதே கதைதான். நான் இன்னும் கெடு தாண்டல போல.” அக்கா பையை மாட்டிக்கொண்டே, “பரிசீலனையில இருக்கீங்க” என்பார்.

அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. சலூனில் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். பழைய செயற்கைக் கால் அவனுக்கு அப்படிப் பொருந்தியிருந்தது. ஒருநாள் தெருவில் வார் அறுந்து அது கழன்று விழ, மேலே வண்டி ஏறி நொறுங்கிவிட்டது. “கால் மேல வண்டி ஏறியும் வலிக்காத ஆளு நான் ஒருத்தன்தான்” என்று சிரித்தான். சிரிப்பு நீடிக்கவில்லை. புதிதாக அளவெடுத்துச் செய்த கால்கள் எல்லாம் தோலை உரித்தன. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சலூன்காரர் சொல்லிவிட்டார்.

“பழைய வடிவம் கம்ப்யூட்டர்ல இருக்கும். அதை வெச்சே செஞ்சிடலாம்” என்றார் கால் செய்பவர். பல தடவை செதுக்கித் திருத்திய வடிவம் அது. அவர் தன் கணினியில் அதைத் தட்டினார். வெறும் சாம்பல் நிறத் திரை. இன்னொருவருடைய பழைய கோப்பைத் தட்டினார். அதுவும் சாம்பல்.

அந்த வாரத் தொடக்கத்தில்தான் மையத்தின் கணினிகளை மாற்றி, கோப்புகளையெல்லாம் புதிய ஏற்பாட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒன்றுகூடத் தொலையவில்லை. அக்காவே எண்ணிச் சரிபார்த்தது. விஷயம் கேட்டு அவர் எழுந்து வந்தார். திரையைப் பார்த்தார்.

“தப்பு என்னோடது” என்றார், எல்லோர் முன்னாலும். “அந்தப் பழைய வடிவத்தைத் தொறக்குற புரோகிராம் என் பழைய மெஷின்ல மட்டும்தான் மிச்சம் இருந்திருக்கு. வாராவாரம் எனக்குத் தொறந்துச்சு. எல்லாருக்கும் தொறக்கும்னு நெனச்சுட்டேன்.”

அந்தப் பழைய கணினியோ அடுத்த தெருவில் உள்ள தையல் வகுப்புக்குத் தானமாகப் போயிருந்தது. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கணினிப் பிரிவுத் தம்பி பின்னாலேயே ஓடினான். அண்ணன் ஊன்றுகோலோடு வாசல் வரை போய் நின்றான். திரும்பி வந்தபோது தம்பியின் கையில் கணினி, அதன்மேல் நூல் பிசிறு.

“பாஸ்வேர்டு கேட்டுச்சாம், அதுமேல துணியை அடுக்கிட்டாங்க” என்றார் அக்கா.

தம்பி தலையைச் சொறிந்தான். “குடுக்கும்போது எல்லாத்தையும் அழிச்சிருக்கணும்க்கா. மறந்துட்டேன்.”

“உன் மறதிக்கு இன்னிக்கு ஒரு நன்றி. நாளைக்குத் திட்டு இருக்கு.”

கணினி உயிர்பெற்றது. அண்ணனின் கோப்பைத் தட்டினார். வளைவும் பள்ளமுமாக அந்த வடிவம் திரையில் வந்து நின்றது. “அதான்! அதான் என் காலு!” என்று அண்ணன் கத்தினான். கால் செய்பவர் அந்தக் கோப்பைக் கேட்டு உடனே கை நீட்டினார்.

“இருங்க” என்றார் அக்கா. எந்தப் புரோகிராமும் படிக்கக்கூடிய சாதாரண வடிவத்தில் அதைச் சேமித்தார். பிறகு நடையைக் கடந்து, வரவேற்பு மேசைப் பெண்ணிடம் போனார்.

“உன் மெஷின்ல இதைத் தொற.”

“ஐயோ, எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா.”

“அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன். தொற.”

அந்தப் பெண் பயந்து பயந்து தட்டினாள். அண்ணனின் கால் அவள் திரையில் மெதுவாகச் சுழன்றது. அக்கா ஒரு முழுச் சுற்று முடியும்வரை இமைக்காமல் பார்த்தார். அப்புறம்தான் திரும்பி, கால் செய்பவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

மாதம் முடிவதற்குள் அண்ணன் புதுக் காலோடு சலூனில் நின்றான். அக்கா மற்றவர்களின் கோப்புகளையும் ஒவ்வொன்றாக அப்படியே மாற்றிக்கொண்டிருக்கிறார். இதைப் படித்தவர்களே, உங்கள் அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்டு முடித்ததும் அவர் எழுந்து ஒரு கோப்போடு பக்கத்து மேசைக்குப் போனால், கதை சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.