பச்சைப் புள்ளி போட்ட எண்ணெய்

எங்கள் மந்தைவெளி வீட்டு ஹாலில் கோமாளி மீன் ஜோடி ஒன்று இருக்கிறது. முட்டையிடுவதில் அவற்றுக்குச் சலிப்பே கிடையாது. குஞ்சுகளைக் காப்பாற்றுவதில்தான் நான் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தேன். வயிறு நிறையத் தின்றுவிட்டுச் செத்துப்போயின. அதுதான் ஆத்திரம்.

குஞ்சுகள் ஆரம்பத்தில் உயிரோடு நீந்துவதை மட்டுமே தின்னும். அதற்காகப் பால்கனியில், கடல்தண்ணீர் நிரப்பிய கேன்களில், ரொட்டிஃபர் என்கிற கண்ணுக்குத் தெரியாத ஜந்துவை பேக்கரி ஈஸ்ட் போட்டு வளர்த்தேன். அமோகமாகப் பெருகியது. ஆனால் ரொட்டிஃபர் வெறும் டிபன் கேரியர்தான். அதற்குள் நாம் என்ன அடைக்கிறோமோ அதுதான் குஞ்சுக்குப் போய்ச் சேரும். ஈஸ்டில் குஞ்சுக்கு வேண்டிய கொழுப்பு இல்லை. இத்தனை நாளும் காலி கேரியர் அனுப்பியிருக்கிறேன்!

எல்லோரும் அடைப்பது மீன் எண்ணெய். அம்மாவிடம் சொன்னேன்.

"நம்மாத்து மீனுக்கு மீன் எண்ணெயா? இந்தாத்துல பொறந்தா சைவமாத்தான் வளரணும்."

"கடல்ல அதோட சொந்தக்காரா எல்லாம் என்ன சாப்பிடறா தெரியுமாம்மா?"

"அவா ஆத்து வழக்கம் நமக்கெதுக்குடீ?"

அடுத்த முட்டைகளில் அதற்குள் கண் தெரிய ஆரம்பித்துவிட்டது; ஓரிரு நாளில் குஞ்சு பொரித்துவிடும். அப்போதுதான் உறைத்தது: மீனுக்கே அந்தக் கொழுப்பு பாசியிலிருந்துதானே வருகிறது! மருந்துக் கடைக்கு ஓடினேன்.

"அண்ணா, பாசி எண்ணெய் மாத்திரை இருக்கா? மீன் எண்ணெய் வேண்டாம், வெஜ்."

"கொயந்தைக்கா? வயசு இன்னா?"

"இன்னும் பொறக்கலை."

கடைக்காரர் குரலைத் தணித்தார். "அப்ப அம்மாவுக்கா?"

"அம்மா ஒத்துக்கலைன்னுதான் இங்க வந்தேன்."

"ஊட்ல பேசிப் பாரும்மா, எல்லாம் சரியாப்பூடும்."

"ஐயோ, மீன் குஞ்சுண்ணா! எரநூறு இருக்கும்."

அவர் மாத்திரை டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, பில் போடத் திரும்பினார்.

அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சைப் புள்ளி இருந்தது. மிக்ஸியின் சின்ன ஜாரை அவளே எடுத்துக் கொடுத்தாள். மாத்திரையைக் குத்திப் பிழிந்து, எண்ணெய் பிரியாமல் கலக்க சோயா லெசித்தினும் தண்ணீரும் விட்டு, பால் மாதிரி வெளுக்கும்வரை அடித்தோம். அதைக் குடித்த ரொட்டிஃபர்களை வடிகட்டி அலசி, பொரிந்து வந்த குஞ்சுகளுக்கு விட்டேன். பழைய குஞ்சுகள் செத்துப்போன அந்த வாரம் வந்தது. ஆபீசிலிருந்து வீட்டுக்கு போன் போட்டுப் போட்டு, "நீந்தறதா?" என்று அம்மாவின் பிராணனை வாங்கினேன். நீந்திக்கொண்டுதான் இருந்தன. அந்த வாரமும் கடந்துபோனது.

ஒரு காலை அம்மாவின் கூச்சலில் எழுந்து ஓடினேன். போச்சு என்றுதான் நினைத்தேன்.

"இங்க பாருடீ! விபூதி இட்டுண்டுடுத்து!"

ஒரு குஞ்சின் தலைக்குப் பின்னால் வெள்ளைப் பட்டை. இனிப் பிழைத்துவிடும் என்பதற்கு அதுதான் அடையாளம். நாமக்கார வீட்டிலிருந்து வந்து விபூதிக்கார அம்மாவைக் காதலித்துக் கட்டிக்கொண்ட அப்பா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"நெட்டுக்கு இருக்கே. நாமம்னா அது!"

"மீன் படுத்துண்டுன்னா நீந்தறது? எழுப்பி நிக்க வெச்சுப் பாருங்கோ, பட்டை குறுக்கேதான் இருக்கும்."

அப்பா தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு இடுப்பையும் சாய்த்துப் பார்த்தார். அதற்குள் இன்னும் இரண்டு குஞ்சுகள் பட்டையோடு மேலே வந்தன. காலைத் தீனிக்கு நேரமாகிவிட்டது. நான் ரொட்டிஃபர் வடிகட்டப் போனேன்.