குடிக்கிற யூனி என்று கேள்விப்பட்டு வந்தவர்

1. மேசைக்கு இந்தப் பக்கம்

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தின் படிப்பு ஆலோசனைப் பகுதியில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். நகரத்தின் பெயர் வேண்டாம். "பார்ட்டி யூனி", அதாவது கொண்டாட்டத்துக்குப் பேர்போன பல்கலைக்கழகம், என்றதும் மாணவர்கள் சொல்லும் நாலைந்து பெயர்களில் எங்களுடையதும் ஒன்று. முதல் நாளே என் மேலதிகாரி சொல்லிவிட்டார்: "பெற்றோர் பார்ட்டியைப் பற்றிக் கேட்பார்கள். இல்லை என்று பொய் சொல்லாதே. சேர் என்றோ சேராதே என்றோ சொல்லாதே. முடிவு அவர்களுடையது."

ஜெர்மன் பெற்றோர் நேரே கேட்டுவிடுவார்கள். நம் ஈழத் தமிழர்கள் முதலில் என்னிடம் ஊர் கேட்பார்கள், பிறகு அப்பாவின் பெயர், பிறகு யாருக்கு என்ன முறை. அதெல்லாம் முடிந்துதான் விஷயத்துக்கு வருவார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. ஆனால் அரை மணி நேரச் சந்திப்பில் பாதி அதிலேயே போய்விடும்.

2. தேரில் கேட்ட கதை

சில வருடங்களுக்கு முன் ஹம் நகரப் பக்கமிருந்து ஓர் அண்ணை மகளோடு வந்தார். தவம் அண்ணை என்று வைத்துக்கொள்வோம். மகள் அபிராவுக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருந்தது. ஒன்று வீட்டிலிருந்தே ரயிலில் போய்வரக்கூடிய, சத்தம் சந்தடியில்லாத யூனி. மற்றது நாங்கள். அவள் ஆசைப்பட்ட நீர்ப் பொறியியல் எங்களிடம் மட்டும்தான் இருந்தது. இடத்தை ஏற்றுக்கொள்ளும் கெடு அந்த வாரத்தோடு முடியவிருந்தது.

"குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு வந்த சனமெல்லாம் சொல்லுது, இஞ்சை ஒரே குடியாம். வியாழக்கிழமைக்குப் பிறகு படிப்பே இல்லையாம். உண்மையோ?"

"பார்ட்டி இருக்குத்தான் அண்ணை. மறைக்க ஏலாது."

எனக்குத் தெரிந்ததை முழுக்கச் சொன்னேன். ஆடிக் களைத்து வகுப்பைக் கோட்டைவிட்டு, கடைசியில் படிப்பையே விட்டவர்கள் என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதிருக்கிறார்கள். ஆனால் பார்ட்டி வைக்கும் அதே மாணவர் சங்கம்தான் பழைய பரீட்சைத் தாள்களையும் சேர்த்துக் கொடுக்கிறது. முதல் வாரம் அங்கே தலைகாட்டாத பிள்ளைக்கு, கூட இருந்து படிக்க ஆள் அகப்படுவது கஷ்டம். வெள்ளி மத்தியானமே எல்லாரும் பெட்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும் அமைதியான ஊர்களில், தனியே கிடந்து வாடி எங்களிடம் மாறி வந்த பிள்ளைகளும் உண்டு.

அவர் இவ்வளவிலும் குடியை மட்டும்தான் காதில் வாங்கினார். "பாத்தியே பிள்ளை? அவவே சொல்லுறா. நெருப்பில்லாமல் புகையாது."

அதுவரை வாய் திறக்காத அபிரா நிமிர்ந்தாள்.

"அப்பா, எங்கடை கலியாணங்களிலை மண்டபத்துக்குள்ளை ஒரு துளி இல்லை. அப்ப வெளியிலை கார் டிக்கியைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிறது ஆர்?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. இங்கே தமிழ்க் கலியாணத்துக்குப் போனவர் எவருக்கும் அந்தக் காட்சி தெரியும். உள்ளே ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பார். வெளியே கோட்டுச் சூட்டோடு ஆண்கள் காருக்குப் பின்னால் நிற்பார்கள், கையில் கடதாசிக் கோப்பையோடு.

"அது வேறை."

"வேறைதான். அது முடிஞ்சு காரை ஓட்டிக்கொண்டு வாறது ஆர் அப்பா? லைசன்ஸ் எடுத்த நாளிலை இருந்து நான்தானே? உங்களையும் சித்தப்பாவையும் வீட்டிலை கொண்டுபோய் விட்டிட்டுத்தான் நான் சீலை மாத்துறனான். குடிக்கிற ஆக்களுக்கு நடுவிலை எப்பிடி நிக்கிறதெண்டு எனக்குத் தெரியும்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.  

   அண்ணை மகளைப் பாராமல் என்னிடம் சொன்னார்:

"இவள் போனால் வீடு வெறிச்செண்டு போகும், தங்கச்சி. அதைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. குடியெண்டு சொல்லுறது லேசு."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே அப்பா," என்றாள் அபிரா. வந்ததிலிருந்து அவள் அவரோடு கோபமில்லாமல் பேசியது அப்போதுதான். வெளியே பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, அவளுடைய போனில் இடத்தை உறுதி செய்தார்கள்.

3. இப்போது நான் கேட்பது

அபிரா எங்களிடம்தான் படித்தாள். பார்ட்டிகளுக்கும் போனாள். ஒரு பரீட்சையில் கோட்டைவிட்டு, மறுமுறை எழுதிப் பாஸ் பண்ணினாள். எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான்.

யூனியின் பெயரை விசாரிக்க வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் இப்போது பார்ட்டியைப் பற்றி எந்தப் பெற்றோர் கேட்டாலும், பதிலுக்கு முன் நானும் ஒன்று கேட்கிறேன்: "பார்ட்டியே இல்லாத ஊர் எண்டால், சந்தோசமா அனுப்புவியளோ?"

உடனே "ஓம்" என்றவர்கள் மிகக் குறைவு. மற்றவர்கள் பிள்ளையின் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கதைக்க வேண்டியது என்னோடு அல்ல. தேத்தண்ணி எடுத்து வருகிறேன் என்று நான் எழும்பிவிடுவேன்.