இளவேனில் நிற்க வேண்டிய வாசல்

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை “வாங்க” என்று கேட்காமல் விட்டால் பத்து வருடத்துக்குப் பேச்சு நின்றுபோகும். கணபதி ஏரியாவில் எனக்குப் பக்கத்து வீட்டு அன்புக்கரசியின் மகள் இளவேனில் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. ஆளைக் கண்டதும் உள்ளே போய்விடுவாள். “புள்ளைய வளர்த்த லட்சணத்தைப் பாரு” என்று சொந்தக்காரர்கள் தாயின் தலையை உருட்டினார்கள். அவளுக்கு லேசான ஆட்டிசம் என்று தெரியவந்தபோது வயது பதின்மூன்று.

இத்தனை வயதுக்கு மேல் பயிற்சி எதற்கு என்றவர்களை அன்புக்கரசி காதில் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமைதோறும் மகளோடு துடியலூர் பயிற்சி மையத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே பயிற்சி கொடுப்பவர் கிருபா. “பெரிய புள்ளையாச்சுங்க. எதைப் பழகணும்னு அவளே சொல்லட்டுங்க” என்றார். இளவேனில் யோசிக்கவே இல்லை.

“ராசப்பன் மாமா ஊட்டுக் கல்யாணத்துல சந்தனத் தட்டோட வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு கேக்கோணுங்க.”

ராசப்பன் அன்புக்கரசியின் அண்ணன்; அவர் மகளுக்குத்தான் கல்யாணம். போனில் கேட்டதும், “எங்கண்ணு நிக்காம வேற யாரு நிக்கறது?” என்று வாக்குக் கொடுத்தார்.

ஏழு மாதம் பாடுபட்டார்கள். முதலில் கண்ணாடி முன்னால், அப்புறம் கிருபா முன்னால், அப்புறம் அவள் வயதுப் பிள்ளைகள் நாலு பேர் விருந்தாளியாக நடிக்க. கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவத்தைப் பார்த்தால் போதும். இரைச்சல் தாங்காவிட்டால் “ரெண்டு நிமிஷங்க” என்று சொல்லி ஒதுங்கலாம். அப்பா கௌதமன் லேத் பட்டறையிலிருந்து வந்ததும் விருந்தாளி மாதிரி கேட்டைத் திறந்து திறந்து நுழைவார். “நல்லாச் சொன்னே கண்ணு” என்பார். நானும் வேலை மெனக்கெட்டுப் போய் நாலைந்து “வாங்க” வாங்கிக்கொண்டு வருவேன்.

கல்யாணத்தன்று நானும் அவர்களோடு போனேன். மண்டப வாசலில் தட்டோடு லாஸ்யா என்ற பெண் நின்றிருந்தாள், மாப்பிள்ளை வீட்டுப் பெண். எங்களைக் கண்டதும் நழுவப் பார்த்த ராசப்பனை அன்புக்கரசி மறித்தாள்.

“ஏனுங்ணா, என்ன இது?”

“கோவிச்சுக்காத அம்மணி. புள்ள ஏதாச்சும் செஞ்சுபோட்டா சம்பந்தி ஊட்டுல என்ன நெனைப்பாங்க? உன்ற ஊட்டுக்காரர்கிட்டப் பத்து நாள் முன்னாலயே சொல்லிப்போட்டனே. சரின்னுட்டாரே!”

அன்புக்கரசி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அந்தப் பத்து நாளும் இந்த மனிதர் கேட்டைத் திறந்துகொண்டு நுழைந்தாரே! அண்ணன் கழுத்தறுத்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள்.

“அவ மனசு நோகக் கூடாதுன்னுதான்...” என்று கௌதமன் இழுத்தார்.

இளவேனில் அழவில்லை. “நல்லாச் சொன்னேன்னு தெனமும் சொன்னீங்களே, பொய்யாங்கப்பா?”

“மெய்தான் கண்ணு.”

“மெய்யின்னா மாமாகிட்ட ஏனுங்க சரின்னீங்க?”

அன்புக்கரசி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பந்தியில் உட்காராமல் ரோட்டுக்கு நடந்தாள்.