மகதலேனா அக்காவின் கோசோங் சட்டை

மகதலேனா அக்கா டி-சர்ட் வாங்கும் அழகைப் பார்க்க வேண்டுமென்றால், ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கிவைத்துவிட்டு அவரோடு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு ரயில் ஏற வேண்டும். கடைக்காரர் எடுத்துப் போடும் சட்டையை முன்பக்கம் பார்ப்பார், திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்ப்பார், கைகளைப் பார்ப்பார். நெஞ்சோரத்தில் கொசு அளவுக்கு ஓர் எழுத்து இருந்தால்கூடத் தள்ளிவிடுவார்.

“இது வேணாம் அண்ணே. கோசோங் இருந்தா குடுங்க.”

பாலும் சீனியும் போடாத தேநீர் எங்களுக்குத் தே ஓ கோசோங். உள்ளே ஒன்றும் வைக்காத ரொட்டி, ரொட்டி கோசோங். வெறுமைக்கு மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் இந்தச் சொல் இல்லாமல் எங்களுக்குத் தமிழே ஓடாது. அக்காவுக்குச் சட்டையும் கோசோங்காக இருக்க வேண்டும். வட்டக் கழுத்து, அரைக்கை, இடுப்புக்குக் கீழே இறங்கும் நீளம், ஒரே நிறம். கிள்ளானில் டோபிக் கடைக்குத் துணி மடிக்கப் போகும்போது கால்சட்டையோடு அது, காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனால் நீளப் பாவாடையோடு அது, வீட்டில் கைலியோடும் அதுவே. வாங்கி வந்த அன்றே கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் லேபலையும் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிடுவார்.

நான் அவருக்கு எதிர்வீடு. பெயர் மலர்விழி. காப்புறுதி விற்கிறேன். அடுத்தவர் வீட்டு விஷயத்தை விசாரிப்பது எனக்குத் தொழில். தொழில் இல்லாத நேரத்தில் பொழுதுபோக்கு. இந்த நாட்டில் யாராவது வெறும் டி-சர்ட்டைத் தேடிப்போய் வாங்குவார்களா? ஓட்டப் பந்தயம் என்றால் ஒன்று கொடுக்கிறார்கள், தேர்தல் என்றால் ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று, கம்பெனி குடும்ப தினத்துக்கு ஒன்று. எவனோ விற்கும் உரத்தின் பெயரை முதுகில் சுமந்துகொண்டு நான் வீடு கூட்டுகிறேன். அக்கா மட்டும் இனாமாக வருவதை எல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டு, காசு போட்டு வெறுமையை வாங்குகிறார். ஏன்?

கேட்டேன். “எழுத்து உடம்பைக் குத்துது மலர்,” என்றார். நம்புகிற பதிலா இது?

இன்னொரு விஷயமும் எனக்குப் பிடிபடவில்லை. அக்காவின் கணவர் இருதயம் லோரி ஓட்டியவர், காலமாகிவிட்டார். மகன் ஷான் சிங்கப்பூரில் இருக்கிறான். பக்கத்தில் சொந்தம் என்று இருப்பவர் காஜாங்கில் ஓரகத்தி பிலோமினா, இருதயத்தின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்து ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். இப்போது பேச்சுவார்த்தை கிடையாது. கிறிஸ்துமஸ் வந்தால் அக்கா பிலோமினாவுக்கென்று தனியாக ஒரு பழக் கேக் சுடுவார். சுட்டுவிட்டு, அனுப்ப மனம் வராமல், அதை என்னிடம் கொடுப்பார். எனக்குக் கேக் என்றால் உயிர். ஆனால் அந்தக் கேக் மட்டும் தொண்டையில் இறங்க மறுக்கும்.

“அப்படி என்னதான் சண்டை அக்கா?”

“சட்டையால வந்தது. விடு லா.”

சட்டையால் சண்டையா? அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேண்டுதலாக இருக்குமோ என்று நினைத்தேன். யாராவது செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பயப்படுகிறாரோ என்றுகூட யோசித்தேன். தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் கணீரென்று வேதம் வாசிக்கிற பெண்மணி செய்வினையை நம்புவாரா என்று நானே அதை அடித்துவிட்டேன்.

இதற்கிடையில் எங்கள் தாமான் குடியிருப்பில் பெண்கள் நடைக்குழு ஒன்று உருவானது. சனிக்கிழமை காலையில் திடலைச் சுற்றி நடப்போம். பாதி நேரம் நடை, மீதி நேரம் வாய். குழுவின் தலைவி லோகேஸ்வரிக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-சர்ட் அடிக்க ஆசை. மயில் நீலம், முதுகில் பந்து விளையாட்டுக்காரர்களைப் போல அவரவர் பெயர். பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாள். சொந்தப் பெயரை அனுப்ப எவளுக்கு மனசு வந்தது? ஒருத்தி ‘குயின்’ என்றாள், ஒருத்தி ‘பாஸ்’ என்றாள். நான் எனக்கு ‘ஸ்லிம்’ என்று போடச் சொன்னேன். மகதலேனா அக்கா வழக்கம்போல எழுதாமல் குரலை அனுப்பினார்: “லோகேஸ், எனக்கு கோசோங்.”

லோகேஸ்வரி சட்டை அடிக்கும் கடைக்கு எல்லாவற்றையும் அப்படியே தட்டி அனுப்பினாள். குயின், பாஸ், ஸ்லிம், கோசோங். கடைக்காரர் என்ன கண்டார்? இதுவும் ஒரு பட்டப்பெயர் என்று நினைத்துவிட்டார்.

சட்டைகள் வந்த சனிக்கிழமை திடலில் ஒரே கூத்து. அக்கா தன் பங்கைப் பிரித்தார். முதுகில் வெள்ளையாகப் பெரிய எழுத்துகள். முகம் சுருங்கிவிட்டது.

“லோகேஸ், எழுத்தே வேணாம்னுதானே சொன்னேன்?”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அதற்குள் யாரோ ஃபோனை எடுத்துப் படம் பிடிக்க வந்தாள். அக்கா சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. லோகேஸ்வரி மன்னிப்புக் கேட்டு எழுதிய செய்திக்கும் பதில் இல்லை.

நான் டோபிக் கடைக்கே போனேன். மதியச் சாப்பாட்டு நேரம், முதலாளி வெளியே போயிருந்தார். அக்கா ஊரார் சட்டைகளை மலையாகக் குவித்துவைத்து மடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதவைச் சாத்தச் சொன்னார். மேசைக்கு அடியிலிருந்து மயில் நீலச் சட்டையை எடுத்து விரித்தார்.

“உன்னை நம்பிக் கேக்குறேன் மலர். அசிங்கமா எழுதியிருக்காங்களா?”

“என்னக்கா விளையாடுறீங்க?”

“விளையாடல. எனக்கு ரூமி எழுத்து படிக்க வராது.”

அக்காவைக் காப்பார் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நிறுத்தி, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வைத்துவிட்டார்களாம். தமிழைத் தேவாலயத்து ஞானோபதேச வகுப்பில் பிடித்துக்கொண்டார். மலாயும் ஆங்கிலமும் எழுதுகிற அந்த ரூமி எழுத்து மட்டும் கடைசிவரை வரவில்லை. எண்களும் நிறங்களும் தெரியும், அதைவைத்துப் பிழைத்துவிட்டார். அத்தனை நாள் எதிர்வீட்டிலிருந்து துருவிய எனக்கு இது தெரியவில்லை. வேதம் வாசிக்கிறவருக்கு வாசிக்கத் தெரியாது என்று யாருக்குத்தான் தோன்றும்?

“கோசோங்னு எழுதியிருக்கு அக்கா.”

“கோசோங்னா? ஒண்ணும் எழுதலியா?”

“இல்லக்கா. கோசோங்னே எழுதியிருக்கு. கே, ஓ, எஸ்... அந்த வார்த்தையையே பெரிசா அடிச்சு வச்சிருக்காங்க.”

அவர் விரலை எழுத்துகள் மேல் மெதுவாக ஓட்டினார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு துணிக்கூடை மேலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தவர் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் பிலோமினா கதை வெளியே வந்தது.

இருதயத்தின் அண்ணன் திடீரென்று இறந்த நாள். கறுப்பு உடுத்த வேண்டும். அக்காவிடம் இருந்த ஒரே கறுப்பு, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய டி-சர்ட். நெஞ்சில் வெள்ளி நிறத்தில் ஏதோ கோலம்போல இருந்தது, அழகு என்றுதான் வாங்கியிருந்தார். மேலே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு காஜாங் போனார். வந்தவர்களுக்குக் காப்பி கலக்கும்போது வேர்வை தாங்காமல் துப்பட்டாவைக் கழற்றினார். காப்பித் தட்டோடு சவப்பெட்டி அருகே வந்து நின்றபோது இளவட்டங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிலோமினா நிமிர்ந்து பார்த்தார். சட்டையில் ‘பெஸ்ட் டே எவர்’ என்று இருந்தது. வாழ்நாளிலேயே சிறந்த நாளாம்.

“என் புருஷன் செத்தது உனக்கு அவ்வளவு சந்தோஷமான்னு கேட்டாங்க மலர். அந்தச் சமயம் வீட்டைப் பங்கு பிரிக்கிறதுல ரெண்டு குடும்பத்துக்கும் மனஸ்தாபம். வேணும்னே போட்டு வந்தேன்னு நெனச்சிட்டாங்க.”

“படிக்கத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்றது? மாமியார் என்னைப் படிச்ச மருமகள்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தாங்க. சாவு வீட்ல வேதம் வாசிக்கிறது நான்தான். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். நான் சொல்லட்டுமான்னு கேட்டாரு. சொன்னீங்கன்னா உங்ககூட இருக்க மாட்டேன்னுட்டேன். திமிர் புடிச்சவள்னு பேர் வாங்கிட்டு வந்துட்டேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா மேலா, சட்டை மேலா, சிரித்தவர்கள் மேலா என்று தெரியவில்லை. சிரித்தவர்கள் என்றால் திடலில் நானும்தான் சிரித்தேன். “இதுக்காகவா அக்கா ஒரு சொந்தத்தை விட்டீங்க?” என்றேன்.

“இதுக்காகத்தான்,” என்றார். “அவங்களுக்கு இப்ப முட்டி சரியில்லையாம். தனியா இருக்காங்களாம். எனக்கும் யார் இருக்கா?”

“நான் ஃபோன் போட்டுப் பேசவா?”

“நீ சொன்னா அது உன் கதையாப் போயிரும். நானே போறேன். நீ கூட வா, போதும்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டிலிருந்து வெளியே வந்தார். மேலே அந்த மயில் நீலச் சட்டை. இத்தனை சாம்பலும் கருநீலமும் வீட்டில் அடுக்கியிருக்க இதையா போடுவது, போய் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

“எனக்குப் படிக்கத் தெரிஞ்ச சட்டை இது ஒண்ணுதான் மலர்.”

அதற்குமேல் நான் என்ன சொல்ல? கொமுட்டர் ரயிலில் போய், கே.எல். சென்ட்ரலில் இறங்கிக் காஜாங் ரயிலுக்குக் காத்திருந்தோம். பின்னால் நின்ற ஒரு பெண் அக்காவின் முதுகைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா திரும்பி, பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதுபோல, “கோசோங்,” என்றார். அந்தப் பெண் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ரயில் ஏறிய பிறகு அக்கா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தார்.

பிலோமினா வாசலில் ரப்பர் குழாயால் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயை மூடினார், கேட்டைத் திறக்கவில்லை.

“என்ன?”

அக்கா கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னார். “அக்கா, அன்னிக்கு நான் போட்டிருந்த சட்டையில என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எனக்கு ரூமி படிக்கத் தெரியாது. இப்பவும் தெரியாது. வெட்கத்துல சொல்லல. இதைச் சொல்லத்தான் வந்தேன்.”

பிலோமினாவின் கையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்லித் தொலையுங்கள் என்று கத்தலாம் போல இருந்தது. அக்கா சற்று நேரம் பார்த்தார். பிறகு, “சரிக்கா, வரேன்,” என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

“ஏய், நில்லு!”

குழாய் கீழே விழுந்த சத்தம் கேட்டது. முட்டி வலியோடு பிலோமினா கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் என்னை எரித்துவிடுவதுபோல ஒரு பார்வை பார்த்தார். பிறகு அக்காவின் முதுகைத் தன் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, தெருவில் யாருக்கும் கேட்காதபடி குனிந்து கேட்டார்.

“மகதலேனா, முதுகுல என்னமோ எழுதியிருக்குடி. என்ன எழுதியிருக்குன்னு உனக்கு யாராச்சும் சொன்னாங்களா?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சொன்னாங்க அக்கா,” என்றார்.