வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள்

சாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி, பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் நான் பல வருடங்கள் தலைமை ஆசிரியையாக இருந்தேன். அந்தப் பதவியில் பெரிதாக ஒன்றும் இல்லை. நானும் இன்னோர் ஆசிரியரும்தான் பள்ளியே. முதல் மூன்று வகுப்பு அவருக்கு, நாலும் ஐந்தும் எனக்கு. இரண்டு அறை, ஒரு சமையல்கூடம், முப்பதுக்குக் கொஞ்சம் குறைவான பிள்ளைகள். எல்லாரும் பட்டாசு வேலைக்கோ தீப்பெட்டி வேலைக்கோ போகிறவர்களின் பிள்ளைகள்.

பள்ளி மேலாண்மைக் குழுவை வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்ட வேண்டும் என்பது எங்களுக்கு வந்திருந்த உத்தரவு. அந்த நேரத்தில் ஊரில் ஆள் இருக்காது. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனால், பொழுது சாயத்தான் கொண்டுவந்து விடும். சம்பளத்தை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வா என்று யாரிடம் சொல்வது? வீட்டிலிருந்து அட்டைப்பெட்டி ஒட்டும் இரண்டு தாய்மார் மட்டும் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். பிள்ளைகளின் கல்வி அடைவுக்கு என்ன திட்டம் என்று பேச வேண்டிய இடத்தில், கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைவோம். அந்தத் தாழ்ப்பாள்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

குழுவை மாற்றி அமைத்தபோது, நாலாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமியின் தாயைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். முப்பது வயதுதான் இருக்கும். சரவெடி பின்னுகிற வேலை. எட்டாவது வரைக்கும் படித்தவள். அவள் என்னிடம் முதலில் கேட்டது, கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா என்பதுதான். எனக்கும் ஞாயிறு ஒருநாள்தான் வீடு. ஆனாலும் சரி என்றேன்.

அந்த ஞாயிறு பதினைந்து பேருக்குமேல் வந்தார்கள். அத்தனை பெற்றோரைப் பள்ளிக்குள் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வழக்கம்போலத் தண்ணீர்த் தொட்டியில் பேச்சு ஆரம்பித்தது. தலைவி சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடாதீக. என் மகளுக்கு வாசிக்கத் தெரியல."

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். கம்பெனியிலிருந்து ஒரு லேபிளைக் கொண்டுபோய் மகளிடம் நீட்டியிருக்கிறாள். "படத்தப் பாத்துட்டு கிளின்னு சொல்லுதா. அங்கன எழுதியிருக்கது 'கையில் பிடித்து வெடிக்காதீர்'. நோட்டப் பாத்தா முத்து முத்தா எழுதியிருக்கா. ஒரு வரி வாசிக்கச் சொன்னா முளிக்கா."

அது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். கரும்பலகையில் இருப்பதைப் படம் வரைவதுபோல வரைந்துவிடுவார்கள். தெரிந்தும் என்னால் ஆனது கொஞ்சம்தான். ஆனால் ஒரு தாய் அதை எல்லார் முன்னாலும் எழுந்து சொன்னதும், மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். தாழ்ப்பாளை விட்டுவிட்டு நாங்கள் படிப்பைப் பற்றிப் பேசிய முதல் கூட்டம் அது.

திட்டமும் அவர்களிடமிருந்தே வந்தது. பெற்றோர் ஏழு மணிக்குப் போய்விடுகிறார்கள். பள்ளியில் காலை உணவு தருகிற நேரம் வரைக்கும் பிள்ளைகள் தெருவில்தான் அலைகின்றன. அந்த நேரத்துக்குப் பள்ளியைத் திறந்து வாசிக்க வைக்கலாமே என்றாள் தலைவி. பெட்டி ஒட்டும் தாய்மார் இருவரும் தினமும் வந்து கூட உட்காருவதாக ஒத்துக்கொண்டார்கள். நான் விருதுநகரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடிப்பதாகச் சொன்னேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்த தகப்பன் ஒருவர், நாள்காட்டி அடித்து மிச்சமாகும் கழிவுத் தாள்களைக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் மட்டும், இதெல்லாம் தீபாவளி சீசன் வரைக்கும்கூடத் தாங்காது என்று வெளியே வந்ததும் என் காதில் சொன்னார்.

தாங்கியது. புத்தகத்தைக் கண்டாலே வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள், நாள்காட்டித் தாளை ஆசையாக எடுத்தார்கள். ஒவ்வொரு ராசிக்கும் நேராக ஒரே ஒரு சொல். லாபம், கவலை, பயணம், பொறுமை. எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, யாருக்கு என்ன ராசி என்று விசாரிப்பார்கள். கவலை வந்தவன் தாளை மாற்றச் சொல்லி அழுவான். ஒற்றைச் சொல் பழகியபின் தாளின் கீழே இருக்கும் இரண்டு வரிச் செய்திக்குப் போனோம். அங்கிருந்து பாடப் புத்தகத்துக்கு. தலைவி வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, மகளைப் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பாள் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அதைப் பார்த்து மற்ற வீடுகளிலும் கேட்க ஆரம்பித்தார்கள்.

தை கடைசி வெள்ளிக்கு அந்த ஊரே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போனது. திரும்பி வந்தபின் தலைவி என்னைத் தேடி வந்தாள். வழிநெடுக மகள் ஒரு போர்டு விடாமல் வாசித்துக்கொண்டே வந்தாளாம். டீக்கடை, உரக்கடை, கண் ஆஸ்பத்திரி, செத்துப்போனவர்களின் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர். "வாய மூடுடின்னு அவுக அப்பா சத்தம் போட்டாக. எனக்கு அம்புட்டு சந்தோசம் டீச்சர்" என்றாள். எனக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு மகிழ்ச்சி கிடைத்ததில்லை.

மாசியில் ஒருநாள் காலை வாசிப்பு முடிகிற நேரத்தில் தூரத்தில் சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்தில் அந்தச் சத்தத்தை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூட உட்கார்ந்திருந்த தாய்மார் இருவரும் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். பிள்ளைகள் வாசித்த வரியில் விரலை வைத்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கம்பெனி என்று தெரிய வெகுநேரம் ஆயிற்று. எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அதில் இல்லை. ஆனால் தலைவியோடு ஒரே வேனில் போய்வந்த, வேறோர் ஊர்ப் பெண் அந்த வெடிவிபத்தில் இறந்துபோனாள். இடையில் கம்பெனி மாறிப் போனவளாம். 

பங்குனியில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை வாசிக்க வைத்தோம். முன்பின் பார்க்காத ஒரு கதையைக் கையில் கொடுத்தேன். நாலு, ஐந்து வகுப்புகளில் ஒருவர்கூடத் தடுமாறி நிற்கவில்லை. பின்வரிசையில் ஒரு தகப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வருடம் கணக்கு என்று அங்கேயே முடிவுசெய்தோம். என்னோடு இருந்த ஆசிரியரும் அன்றைக்குத் தன் வாயாலேயே, தான் நினைத்தது தப்பு என்றார்.

கோடை விடுமுறையில் நான் அந்த ஊர்ப்பக்கம் போகவில்லை. அந்த நேரத்தில்தான் டவுனில் இருந்த ஓர் ஆங்கிலப் பள்ளியின் ஆட்கள் வீடு வீடாக வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் வருகிறவர்கள்தான். பிள்ளைகளுக்கு எதுவும் தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த முறை நீட்டியதை எல்லாம் பிள்ளைகள் கடகடவென்று வாசித்திருக்கிறார்கள். இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையை இங்கேயா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நாங்கள் ஒரு வருடம் பாடுபட்டு உண்டாக்கியதைத் தாய்தகப்பன்மார் அந்த ஒரு கேள்வியில், இந்தப் பள்ளி இனிப் போதாது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று முதலில் வந்தது தலைவிதான். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்திருந்தாள். நின்றுகொண்டே பேசினாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

நான் எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். தாய்மொழியில் இப்போதுதான் ஊன்றியிருக்கிறாள், பிடுங்கி நட்டால் வாடிவிடுவாள் என்றேன். அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரியில் கிடைக்கும் சலுகைகளைச் சொன்னேன். அதெல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்துதானே கணக்கு, அப்போது திரும்பக் கொண்டுவந்து சேர்ப்போம் என்று அவள் விவரமாகவே பதில் சொன்னாள். கடைசியில், நீயே போனால் மற்றவர்கள் எப்படி நிற்பார்கள் என்று கேட்டேன்.

"எல்லாம் உங்களாலதான் டீச்சர், அத நான் மறக்க மாட்டேன்" என்றாள். "ஆனா அந்த வேன்ல நாளைக்கு என் மக ஏறக் கூடாது. இங்கன படிச்ச நாங்க எல்லாரும் அந்த வேன்லதான போறோம்."

  அவள் சொன்னது பொய்யில்லையே. அந்த ஊரில் அந்தப் பள்ளியில் படித்த எத்தனை பேர் வேறு எங்காவது போனார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களே அதிகம். சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த வாரத்திலேயே மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். நன்றாக வாசித்த பிள்ளைகள்தான் முதலில் போனார்கள். அச்சகத்துக்காரரின் மகன் போனான். பெட்டி ஒட்டும் தாய்மாரில் ஒருத்தியின் இரண்டு பிள்ளைகளும் போனார்கள். அவள் முகத்தைக் காட்டக் கூச்சப்பட்டுக் கணவரை அனுப்பியிருந்தாள். பிள்ளை பள்ளியில் இல்லாவிட்டால் குழுவிலும் இடம் இல்லை. இப்படியாகத் திட்டம் போட்ட குழுவே கரைந்துபோனது. ஆடி பிறப்பதற்குள் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டோம். என்னோடு இருந்த ஆசிரியரைப் பிள்ளைகள் அதிகமுள்ள வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். போகும்போது அவர் என்னைத் தேற்றப் பார்த்தார். நாம் சொல்லிக்கொடுக்காமலே இருந்திருந்தால் அத்தனை பேரும் இங்கேயே இருந்திருப்பார்கள் என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

தலைவியின் மகளை ஒருநாள் மாலை பார்த்தேன். கழுத்துப்பட்டையும் பூட்ஸுமாகப் பள்ளி வேனிலிருந்து இறங்கினாள். எங்களிடம் ஐந்தாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டியவள். அங்கே ஆங்கிலம் போதாது என்று மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். என்ன பாடம் நடக்கிறது என்று கேட்டேன். தெரியல டீச்சர் என்று சொல்லிவிட்டு, புத்தகப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவெல்லாம் வாசித்துக்கொண்டு நடந்த பிள்ளை அது.

சற்று நேரத்தில் கம்பெனி வேனும் வந்தது. தாய் இறங்கி வந்து என்னிடம் நின்றாள். மகளை முன்னால் போகச் சொல்லிவிட்டு மெதுவாகச் சொன்னாள். "முன்ன பக்கத்துல உக்காந்து கேப்பேன் டீச்சர். இப்ப அவ புக்குல என்ன இருக்குன்னு எனக்கே தெரியல. சரியா வாசிக்காளா தப்பா வாசிக்காளான்னு எப்பிடிக் கேக்க?"

திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நேரம் பள்ளியில் மிஞ்சியிருந்தது நாலு பிள்ளைகள். தை முடிவதற்குள் அதிலும் இரண்டு, குடும்பத்தோடு பிழைப்புக்காக ஆலங்குளம் பக்கம் போய்விட்டன.

மிஞ்சியது அண்ணனும் தங்கையும். அவர்களுடைய தகப்பன் லோடு ஏற்றும் வேலை, தாய் தீப்பெட்டி ஆபீஸ். காலையில் சமையல்கூடத்தில் அந்த இரண்டு பேருக்கு மட்டும் அடுப்பு எரியும். வகுப்பில் நான் முன்னால் நிற்காமல் அவர்களோடு தரையில் உட்கார்ந்துகொள்வேன். இடைவேளைக்கு மணி அடித்தால் இருவரும் வெளியே போய்ச் சுவரோரம் நின்றுவிட்டு உள்ளே வந்துவிடுவார்கள்.

ஆண்டு இறுதியில் அடுத்த வருடத்துக்கான அடைவுத் திட்டம் கேட்டு மேலே இருந்து தகவல் வந்தது. பள்ளி இருக்கிறவரை குழுவும் கூட வேண்டும். அந்தத் தாய் ஒருத்திக்காக ஞாயிற்றுக்கிழமை பள்ளியைத் திறந்தேன். இரண்டு நாற்காலி போட்டேன். அவள் நாற்காலியில் உட்காராமல் பெஞ்சியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நீதான் இப்போது தலைவி என்றதும், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள்.

அவளுடைய பிள்ளைகள் இருவரும் எவ்வளவு வாசிக்கிறார்கள், கணக்கில் எங்கே நிற்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். அடுத்த வருடம் இந்தப் பள்ளி உன் பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறாய் என்று கேட்டேன். 

"கூட வெளையாட ரெண்டு பிள்ளைக இருந்தா நல்லாருக்கும் டீச்சர். வீட்டுக்கு வந்தா ரெண்டும் பேசவே மாட்டேங்குதுக."

பார்க்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? என்னால் முடியாது என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று எழுந்துகொண்டாள்.

ஜூனில் அந்தப் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்தார்கள். எனக்கு விருதுநகருக்கு அருகிலேயே இடம் கிடைத்தது. வீட்டுக்குப் பக்கம் என்று எல்லாரும் வாழ்த்தினார்கள். அண்ணனும் தங்கையும் லாரிகள் போகும் ரோட்டைத் தாண்டிப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும். கொஞ்ச நாள் போனார்களாம். பிறகு அந்த ரோட்டுக்குப் பயந்து, தாய் அந்தத் தங்கையை மட்டும் வீட்டில் நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நேரில் போய் விசாரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். போய் நின்று அந்தத் தாயிடம் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.